துண்டுக்கு அடியில் ஐநூறு பங்கு

கோயமுத்தூரில் பங்கு வாங்குவதற்கு முன்னால் கம்பெனியின் பல்லைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்த ஒரே மனிதர் எங்கள் துண்டுக்காரர்தான். கோயமுத்தூர் என்ன, பம்பாயில்கூட அப்படி ஒருவர் இருந்திருக்க மாட்டார். இருந்திருந்தால் பம்பாய்க்காரர்கள் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊருக்குப் பங்குக் காய்ச்சல் வந்தது. பேக்கரியில் டீக்கு நிற்கிறவர்கள் மழையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, எந்தக் கம்பெனி போனஸ் பங்கு கொடுக்கப்போகிறது என்று பேசினார்கள். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய டாக்டர், வாய்க்குள் இடுக்கியை வைத்துக்கொண்டே, "ஏனுங்க, சிமெண்ட் இன்னும் ஏறுமுங்களா?" என்று கேட்டார். நான் வலியில் தலையை ஆட்டினேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே வாங்கிவிட்டார் என்று கேள்வி.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடராஜ் என்ற பங்குப் புரோக்கரின் ஆபீஸ் இருந்தது. இரண்டு போன், ஒரு கரும்பலகை, இருபது மடக்கு நாற்காலி. பம்பாயிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் போனில் விலை வரும். நடராஜ் அதைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார். இருபது நாற்காலிகளிலிருந்தும் பெருமூச்சு வரும். மூலையில் இருந்த நாற்காலி துண்டுக்காரருடையது. அவருடைய நிஜப்பெயர் நடராஜின் பதிவேட்டில் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. பொள்ளாச்சிச் சந்தையில் முப்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். அந்தச் சந்தையில் மாட்டின் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்துப் பிடித்தே பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விலை படிந்தால் முழுக்கையையும் பிடித்து ஓர் அழுத்து. அதற்குப் பிறகு யார் வந்து எவ்வளவு கூடக் கொடுத்தாலும் பேச்சு மாறக் கூடாது. இந்த ஏற்பாட்டைத் துண்டுக்காரர் அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு கிராஸ்கட் ரோட்டு மாடிக்கு ஏறிவிட்டார்.

முதல் நாள் அவர் நடராஜிடம், "ஏனுங்க, கையக் கொஞ்சம் குடுங்க" என்றார். ஜோசியக்காரர் போலிருக்கிறது என்று நடராஜும் கொடுத்தார். கைமேல் துண்டு விழுந்தது. அடுத்த கணம் நடராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அய்யோ, என்னங்க பண்றீங்க?"

"வெலை கேக்கறனுங்க."

"வெலையத்தான் போர்டுல எழுதிப் போட்டிருக்குதே!"

"அது ஊருக்குச் சொல்ற வெலைங்க. நமக்கு என்ன வெலைன்னு கேக்கறனுங்க."

ஆறு மாதத்தில் நடராஜ் பழகிவிட்டார். ஒரு விரல் என்றால் பத்துப் பங்கு என்று இருவருக்கும் ஒரு கணக்கு உண்டானது. அதன்பிறகு ஆபீஸே விலையைக் கூவிக்கொண்டிருக்கும்போது இவர்கள் இருவர் மட்டும் துண்டுக்கு அடியில் கைகோத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவார்கள்.

அவர் எனக்கு அறிமுகமானது அங்கே அல்ல. பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்த்த மோட்டார் பம்ப் கம்பெனியின் வாசலில். மூன்று நாளாக ஒருவர் கேட்டுக்கு எதிரே நின்று முறைத்துக்கொண்டிருக்கிறார் என்று வாட்ச்மேன் அவரைப் பிடித்து ஆபீசுக்கு இழுத்து வந்தான். வேவு பார்க்க வந்த ஆள் என்று அவனுக்குச் சந்தேகம். விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"என்னங்க பாத்துட்டு இருந்தீங்க?"

"உங்க கம்பெனியத்தானுங்க. ரெண்டு பங்கு வாங்கலாமுன்னு. வாங்கறக்கு முந்தி பல்லுப் பாக்கோணுமில்லீங்களா?"

அவர் பார்த்த பல் இதுதான். சைக்கிள் ஸ்டாண்டு நிறைந்திருக்கிறதா. பழைய இரும்பு ஏற்றிய லாரி நாளைக்கு எத்தனை நடை வெளியே போகிறது. சம்பள நாளில் தொழிலாளிகள் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள். எதிர்க்கடைக்காரர் எங்கள் ஆட்களுக்குக் கடன் கொடுக்கிறாரா. கடைசியாக என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கேன்டீன் வடை போன வருசத்துக்கு இந்த வருசம் சிறுத்துப்போச்சுங்களா?"

நான் நேர்மையாக, சிறுத்துவிட்டது என்றேன். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் எங்களுக்கு மூன்று மாதம் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தபோதுதான், ஆடிட்டருக்குத் தெரியாதது அந்த வடைக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குப் புரிந்தது. அதன்பின் சனிக்கிழமைகளில் நானும் கிராஸ்கட் ரோட்டு மாடிக்கு ஏற ஆரம்பித்தேன்.

ஒருநாள் கேட்டேன்: "ஏனுங்க, பணம் இருந்தா பத்திரத்துல போடறதுங்களா, ஷேர்ல போடறதுங்களா?"

"கறவையும் வேணும், காளையும் வேணுமுங்க. பத்திரம் கறவை. காலையில சொம்பத் தூக்கிட்டுப் போனா குடுக்கறதக் குடுத்துரும். எச்சாவும் குடுக்காது, கொறையாவும் குடுக்காது. ஷேரு காளக்கன்னுங்க. நாளைக்கு என்ன வெலைக்குப் போவோமுன்னு அதுக்கே தெரியாது."

"அப்ப ஷேரை எப்ப விக்கறதுங்க?"

"மாட்டப் பாத்து விக்கப்படாதுங்க. ஊட்டப் பாத்து விக்கோணும். ஊட்ல கல்யாணமா, கெணறு வெட்டறதா, அதுக்குப் பணம் பத்துதான்னு பாக்கோணும். பத்துச்சுன்னா வித்துப்போட்டு வந்தரோணும். இன்னும் எச்சா வருமான்னு சந்தையிலயே நின்னா தீனிச் செலவுதான் ஆகும்."

இத்தனை தெளிவாகச் சொன்ன மனிதர் தன் பங்கை மட்டும் விற்க மாட்டார். அவர் வைத்திருந்த நூல் மில் ஒன்று போனஸ் பங்கு கொடுப்பதாக அறிவித்திருந்தது. விலை கண்டபடி ஏறியது. நடராஜ் விற்கச் சொல்லிக் கெஞ்சினார். துண்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "செனையா இருக்குதுங்க. செனை மாட்ட விக்கறது பாவமுங்க" என்றார்.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். என் மனைவி வசந்தா பள்ளிக்கூட டீச்சர். தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அரசாங்கப் பத்திரங்கள் வாங்கி வைத்திருந்தாள். ஐந்து வருடப் பத்திரம். துடியலூர் பக்கம் நாங்கள் சேர்ந்திருந்த வீட்டுவசதிச் சங்கம் கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்று எங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சித்திரை முடிவதற்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்கு வீடு போய்விடும். பத்திரப் பணம் அதற்குத்தான். ஒரே குழாய்க்கு ஐந்து குடும்பம் வரிசை நிற்கும் லைன் வீட்டிலிருந்து வெளியேற அவளுக்கிருந்த வழி அது ஒன்றுதான்.

தை மாதம் பத்திரம் முதிர்ந்தது. பணத்தை மூன்று மாதம் பேங்கில் போட்டுவைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். போட்டது சிமெண்டில். ஐநூறு பங்கு. பங்குனியில் அது ஏறிய ஏற்றத்தைப் பார்த்து எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கண்ணாடி முன் தலை சீவும்போது நெற்றியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கொள்வேன்.

துண்டுக்காரர் விடவில்லை. "முன்பணத்துக்குப் பத்துதுங்களா?" என்று கேட்டார். மிஞ்சியே இருக்கிறது என்றேன். "அப்பறம் எதுக்குங்க தம்பி நின்னுட்டு இருக்கறீங்க?"

"சித்திரைக் கடைசி வரைக்கும் டைம் இருக்குதுங்களே. அதுக்குள்ள மேல் மாடியே கட்டற அளவுக்கு வந்துருமுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பல்லைப் பார்க்கிறாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். "சரிங்க. ஒரு கன்னையாச்சும் ஓட்டிக் காசாக்கிப் பாருங்க. போர்டுல எழுதற பணம் பணமில்லீங்க" என்றார். தொல்லை தாங்காமல் ஐம்பது பங்கு மட்டும் விற்கச் சம்மதித்தேன்.

கம்பெனியில் அப்போது வருடக் கடைசி சரக்குக் கணக்கெடுப்பு. லீவு கிடையாது. அதனால் விற்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். சான்றிதழ்கள் ஐம்பது ஐம்பதாகப் பத்து. ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை இனியும் வீட்டில் ஒளித்து வைத்தால் என்றைக்காவது வசந்தாவின் கண்ணில் படும் என்ற பயத்தில் பத்தையும் கட்டாக அவர் கையில் கொடுத்தேன். மாற்றுப் படிவங்களில் ஏற்கெனவே சூரத்தனமாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன்.

அன்றைக்கு நடராஜ் திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நாற்காலியில் அவருடைய மச்சினர், மெட்ராஸ்காரர். "ஒருத்தர் வந்து கையைக் கேப்பாரு, இழுக்காம குடு" என்று மட்டும் நடராஜ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு விரலுக்குப் பத்து என்பதைச் சொல்லவில்லை. துண்டுக்காரர் ஐந்து விரலைப் பிடித்தார். மச்சினர் மேஜைமேல் கிடந்த பத்துச் சான்றிதழ்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார். துண்டுக்காரர் முழுக்கையையும் பிடித்து அழுத்தினார். போன் போயிற்று. ஐநூறும் விற்றாயிற்று.

சீட்டு எழுதும்போதுதான் துண்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மச்சினர் நல்ல மனிதர். "இப்பவே போன் போட்டா மாத்திடலாம் சார், அஞ்சு நிமிஷம் டைம் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். துண்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் பஸ் ஏறி எங்கள் கம்பெனி வாசலுக்கே வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தப்பு நடந்துபோச்சுங்க தம்பி."

"அஞ்சு நிமிசம் இருந்துச்சாமே! மாத்தியிருக்கலாமே!"

"கையப் புடிச்சு அழுத்திப்போட்டனுங்க."

நான் கத்தினேன். வயதில் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. "உங்க துண்டுக்குள்ள என் ஊட்டையே போட்டு மூடிட்டீங்களே" என்றேன். ஷிப்ட் முடிந்து வந்தவர்களெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

விற்ற மறுநாளிலிருந்து சிமெண்ட் வெறிபிடித்து ஏறியது. தினமும் பேப்பரில் பார்ப்பேன். நான் கட்டாத மேல் மாடிக்கு ஒவ்வொரு நாளும் ஓர் அறை கூடிக்கொண்டே போனது. ஒருநாள் பால்கனியும் வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தா, வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்துத் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பசு இறங்கியது. பின்னாலேயே ஒரு கன்றுக்குட்டி. அதற்கும் பின்னால் துண்டுக்காரர். ஐந்து வீட்டுக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். நான் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒதுங்கிக்கொண்டேன்.

"ஏனுங்க அம்மணி, தம்பி இருக்கறாருங்களா?"

"இருக்கறாருங்க. மாடு யாருதுங்க?" என்றாள் வசந்தா.

"உங்களுதுங்க."

"எங்களுதுங்களா!"

"ரெண்டாம் ஈத்துங்க. ஒதைக்காது, முட்டாது. நட்டத்தப் பால்ல கழிச்சுக்குங்க."

"என்ன நட்டமுங்க?"

பாவம், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார். பத்திரத்தில் ஆரம்பித்தார். "தம்பி பத்திரப் பணத்தச் சிமெண்டுல போட்டாருங்க. உங்ககிட்டச் சொல்லியிருப்பாருங்க" என்றார். "மேல் மாடி கட்டறேன்னு விக்காம நின்னாருங்க" என்றார். என் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஓர் 'ங்க' போட்டார். என் திருட்டுத்தனத்தை அவ்வளவு மரியாதையாக எடுத்துச் சொல்ல என்னாலேயே முடியாது.

வசந்தா முழுவதையும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "ஐநூறும் வித்தாச்சுங்களா? ஒண்ணு பாக்கியில்லாம?"

"ஒண்ணு பாக்கியில்லீங்க அம்மணி. என் தப்புத்தானுங்க."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "மாட்ட அந்தத் துணிக் கொடிக் கம்பத்துல கட்டுங்க. உக்காருங்க, காப்பி கொண்டாரேன்" என்றாள். பிறகு பீரோப் பக்கம் திரும்பாமலே, "செக் வந்ததும் என் கையில வரோணும்" என்றாள். அந்த வாரம் முழுக்க என்னோடு அவள் பேசியது அவ்வளவுதான். மாட்டோடு நிறையப் பேசினாள்.

செக் வந்தது. அரை நாள் லீவு போட்டு அவளே சங்கத்துக்குப் போய் முன்பணத்தைக் கட்டி, ரசீதைக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். லைன் வீட்டுச் சொந்தக்காரர் மாட்டைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார். ஒரு சொம்புப் பால் வாங்கிக்கொண்டு, மறுநாளும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் காலையில் வாசலில் பேப்பரைக் காணோம். மாடு தின்றுகொண்டிருந்தது. பங்கு விலைப் பக்கம்தான் அதன் வாயில் கடைசியாகத் தொங்கியது. சரி, ஒருநாளாவது மேல் மாடி கட்டாமல் நிம்மதியாக இருக்கலாம் என்று வேலைக்குப் போனேன். அங்கே சொன்னார்கள். பம்பாயில் ஏதோ பெரிய கோளாறாம், மார்க்கெட் சரிந்துவிட்டதாம். சிமெண்ட்? சிமெண்ட்தான் முதலில். வாங்க ஆளே இல்லையாம்.

நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். அந்த ஐநூறும் என்னிடம் இருந்திருந்தால் சித்திரைக் கடைசியில் வசந்தாவின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்? அப்பாடா என்று ஒரு வார்த்தை வயிற்றுக்கு அடியிலிருந்து கிளம்பி வந்தது. வாய்விட்டே சொல்லிவிட்டேன். பெட்டியில் உட்கார்ந்தபடியே மத்தியானச் சாப்பாட்டைக் காலை பத்து மணிக்குத் தின்று முடித்தேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

சனிக்கிழமை கிராஸ்கட் ரோட்டு மாடிக்கு ஓடினேன். இருபது நாற்காலியிலும் ஆட்கள் இருந்தும் பேச்சு இல்லை. மூலையில் துண்டுக்காரர். அவர் காலைத் தொடாத குறையாக நின்றேன்.

"நாந்தான் தப்பாப் பேசிப்போட்டனுங்க. மாட்டக் கொண்டாந்து உட்டர்றனுங்க."

"கயிறு மாத்திக் குடுத்தாச்சுங்க தம்பி. திருப்பி வாங்கறதெல்லாம் வழக்கமில்லீங்க."

"உங்க மில்லு என்னாச்சுங்க?"

"கன்னு பொறந்துச்சுங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தாயும் கன்னும் சேந்தும் பழைய தாய் வெலைக்கு இல்லீங்க" என்று சிரித்தார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் வீட்டைக் காப்பாற்றிய மனிதர் தன் பணத்தைச் சினைமாடு என்று கட்டிவைத்துத் தொலைத்திருந்தார். அதன் நடுவிலும் எனக்கு ஒரு பசுவை ஓட்டிவந்திருந்தார். அந்த மாடு என்ன விலைக்கு வந்தது என்று நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கூரையைப் பார்ப்பார்.

ஆவணியில் துடியலூர் வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போக வேண்டும். வந்திருந்தவர்களெல்லாம் வாடகைக்கு எங்கே மாடு பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். சொந்த மாடு என்று வசந்தா பெருமையாகச் சொன்னாள். அது உள்ளே போய் நடு ஹாலில் சாணி போட்டது. அதைவிட நல்ல சகுனம் இல்லை என்று துண்டுக்காரர் அடித்துச் சொன்னார். அடுப்பில் பொங்கியதும் அதன் பால்தான்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று, "தம்பி, கையக் கொஞ்சம் குடுங்க" என்றார். கொடுத்தேன். பச்சைக் கரைத் துண்டு என் கைமேல் விழுந்தது. அடியில் அவர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். காய்ப்புக் காய்த்த கை. வெகுநேரம் விடவில்லை.

"இது எவ்வளவுங்க? அம்பதா, ஐநூறா?" என்று கேட்டேன்.

"வெலை இல்லீங்க தம்பி" என்றார். "சும்மா புடிச்சனுங்க."